நர்கோல் வீட்டின் அணையா விளக்கு

நர்கோல்,
நவம்பர் 24, திங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அன்பு மகன் பர்ஜோருக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும், உன் நாஜா அத்தையும், அவளுடைய நாக்கும், மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் மருமகள் ஃபியோனாவும் குட்டி டீனாவும் அந்தப் பனியில் விறைத்துப் போகாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் இடுப்பின் புனிதக் கயிற்றை ஜெபத்தோடு அவிழ்த்துக் கட்டும்போது உங்கள் மூவர் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாமே, எதற்கு அம்மா காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். போனில் நீ ‘ம்’ என்று ஒன்று சொல்வாய், அந்த ‘ம்’முக்குப் பிறகு எனக்கு அடுத்த வார்த்தை வராது, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று பேச்சு வேறெங்கோ போய்விடும். காகிதம் ‘ம்’ சொல்லாது. அதனால்தான் உன் அப்பாவின் சாய்வு நாற்காலியை வராந்தாவில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். காற்று மெல்ல வருகிறது, கண் செருகுகிறது, நடுவில் எழுத்து கோணினால் அம்மா ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொள்.

இந்த வீட்டை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடலாம், பூட்டிப் பூட்டி வைத்தால் உப்புக்காற்று தின்றுவிடும் என்று நீ சொன்னது நியாயம்தான். பக்கத்தில் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி அனுப்பு, ஒவ்வொன்றுக்கும் போக எத்தனை நிமிடம் என்றும் போடு, அதையும் இணையப் பக்கத்தில் சேர்க்கிறேன் என்றாய். எழுதுகிறேன். ஆனால் நீயே எழுதலாமே, பதினேழு வயது வரை ஒரு விடுமுறை விடாமல் இங்கேதானே கிடந்தாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நீ இந்த வீட்டுக்குள் கால் வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. மும்பைக்கு மூன்று முறை வந்தாய், மூன்று முறையும் தார்தேவ் வீட்டோடு திரும்பிவிட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைத் தொடாமலே பேசிப் பழகிவிட்டோம். இந்தக் கடிதத்தில் அதைத் தொடப் போகிறேன். முதலில் நீ கேட்டதைச் சொல்லி முடித்துவிடுகிறேன், அதற்குள் எனக்கும் கொஞ்சம் தைரியம் சேரட்டும்.

முதலில் கடல். நம் கேட்டைத் திறந்து சவுக்குத் தோப்பு வழியாக நடந்தால் என் காலுக்கு நூற்று எண்பது தப்படி, உன் அப்பாவின் காலுக்கு நூற்று நாற்பது. நிமிடக் கணக்கு எனக்குத் தெரியாது, வழியில் நின்று நின்று போவதால் ஒரு நாள் ஐந்து ஆகும், ஒரு நாள் ஐம்பது ஆகும். ஆனால் போனதும் கடல் அங்கே இருக்கும் என்று எழுதிவிடாதே, வருகிறவர்கள் நம்மைத் திட்டுவார்கள். பாதி நாள் அது இருப்பதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் உள்வாங்கிப் போய்விடும், சாம்பல் நிறத்தில் ஈரமணல் மட்டும் வானத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும், அதில் நடக்கும்போது மேகத்தின் மேல் நடக்கிறோமா மணலின் மேல் நடக்கிறோமா என்று இந்த வயதிலும் எனக்குத் தலை சுற்றுகிறது. போன வாரம் வந்த விருந்தாளிகள் அத்தையிடம், “கடல் எங்கேங்க?” என்று கேட்டார்களாம். “சாப்பிடப் போயிருக்கு, நாலு மணிக்கு வரும்” என்று சொல்லிவிட்டு இவள் பாட்டுக்குச் செய்தித்தாளைப் புரட்டியிருக்கிறாள். சொன்னபடி நாலு மணிக்கு வந்தது. சத்தமே இல்லாமல், முதலில் ஒரு பளபளப்பாக, பிறகு ஒரு முணுமுணுப்பாக, பிறகு கணுக்காலில் வந்து தொடும் வரை யாருக்கும் தெரியாமல் வந்தது.

அடுத்தது சவுக்குத் தோப்பு. அதில் பார்க்க ஒன்றும் இல்லை, கேட்கத்தான் இருக்கிறது. காற்றே இல்லாத நாளிலும் அது ஏதோ பேசிக்கொண்டிருக்கும். அப்புறம் மீனவர் குப்பம், அங்கே பூம்லா மீனை மூங்கில் கொடிகளில் வரிசையாகக் காயத் தொங்கவிட்டிருப்பார்கள், அந்த வாடை பிடிக்காதவர்கள் நர்கோலுக்கு வராமல் இருப்பதே நல்லது என்று அத்தை எழுதச் சொல்கிறாள். விடியற்காலையில் போனால் பனை மரத்தடியில் பதநீர் கிடைக்கும், பத்து மணிக்கு மேல் போனால் அதுவே கள், எது வேண்டுமோ அதற்கேற்ப எழுந்துகொள்ளலாம். சப்போட்டாத் தோட்டங்கள் இப்போது கொழித்துக் கிடக்கின்றன, வேலியோரமாகப் போனாலே கையில் இரண்டு திணித்துவிடுவார்கள். சஞ்சானில் நம் பார்சி ஆட்கள் கப்பலில் வந்து இறங்கியதற்கு நட்டு வைத்த தூண் இருக்கிறது. உத்வாடாவில் நம் தீக்கோயில் இருக்கிறது, உள்ளே நம்மவர்கள் மட்டும்தான் போகலாம் என்பதை மரியாதையாக எழுதிவிடு, மற்றவர்கள் தெருவோடு நடந்து பழைய வீடுகளைப் பார்க்கலாம், வயிறு முட்டச் சாப்பிடலாம். டிசம்பர் பிறந்துவிட்டால் அங்கே பனியில் வைத்தெடுத்த பாலைக் கடைந்து நுரையை மட்டும் கண்ணாடித் தம்ளரில் தருவார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும், அதைக் குடித்தால் குடித்தோமா கனவு கண்டோமா என்று இருக்கும், மேலுதட்டில் மட்டும் சாட்சி நிற்கும். இவ்வளவையும் விட முக்கியமான ஒன்று மத்தியானத் தூக்கம். மடவை மீன் வறுவலும் கொத்தமல்லிச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு இந்த வராந்தாவில் படுத்தால் வரும் தூக்கம் உங்கள் நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதையும் பார்க்க வேண்டியவற்றில் சேர்த்துவிடு.

கண்ணா, நீ குடியிருக்கிற கால்கரியை டீனா போனில் காட்டிய பூகோளப் படத்தில் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு சமுத்திரம் உள்ள நாட்டில், எந்தப் பக்கம் போனாலும் கடல் வராத ஊராகத் தேடிப் பிடித்திருக்கிறாய். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

இனி போன வாரம் நடந்ததற்கு வருகிறேன். நீ ஏற்பாடு செய்தபடி முதல் விருந்தாளிகள் புனேயிலிருந்து வந்தார்கள், புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள். அவர்களுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு நானும் அத்தையும் தோட்டத்துக் கோடியில் உள்ள சின்ன வீட்டில் ஒதுங்கிக்கொண்டோம். நல்ல மனிதர்கள். அந்தப் பெண் பள்ளிக்கூட ஆசிரியை, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற ரகம். பிள்ளைகள் வாசலில் போடும் அச்சுக்கோலத்துத் தகர டப்பாக்களை எடுத்து வீடு முழுக்கச் சுண்ணப்பொடியில் மீன் மீனாகக் குத்திவிட்டார்கள், படுக்கையறை வரை மீன். வீட்டைக் கூட்டிப் பெருக்கும் ரமீ தலையில் அடித்துக்கொண்டாள். அத்தைக்கோ பரம சந்தோஷம், “பத்தொன்பது வருஷமா இந்த வீட்ல ஒரு குழந்த குறும்பு பண்ணி நான் பாக்கல, இருக்கட்டும் விடு” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தக் கணக்கு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளும் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

நேற்று ஞாயிறு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். சாவியைக் கொடுக்கும்போது அந்தப் பெண், “எல்லாம் சரியா மூடியிருக்கேம்மா. சாமி படத்துக்குக் கீழ வெளக்கு எரிஞ்சிட்டு இருந்துச்சு, ஆளில்லாத வீட்ல தீ இருக்கக் கூடாதுன்னு விரல ஈரம் பண்ணி அணைச்சிட்டேன், ஒண்ணும் தப்பில்லையே?” என்றாள். ஒன்றும் தப்பில்லை என்றேன். ஆட்டோ தெருவைத் தாண்டும் வரை கையாட்டிக்கொண்டே நின்றேன். உன் தாத்தா இந்த வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சிய அன்று ஏற்றிய விளக்கு, அப்போது நாஜாவுக்கு நாலு வயது, எழுபத்தொன்பது வருடம் ஆகிறது, ஏற்றியதிலிருந்து ஒரு தடவைகூட அணைந்ததில்லை என்று உன் அப்பா வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் மார்தட்டிய விளக்கு. நல்ல வேளை, நாஜா தூங்கப் போயிருந்தாள். நான் செருப்பைக்கூடப் போடாமல் தோட்டத்தைக் கடந்து பெரிய வீட்டுக்குள் நுழைந்தேன்.

அங்கே படத்துக்கு முன்னால் ரமீ நின்றிருந்தாள். ஒரு கையில் தீப்பெட்டி, இன்னொரு கையில் எரிகிற குச்சி. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மாற்றி, எண்ணெய் ஊற்றி, புதுத் திரி போட்டு, ஏற்றப் போகிற நேரம். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நானும் நின்றேன். ஏனென்றால் என் கையிலும் தீப்பெட்டி இருந்தது. அவள் என் கையைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பார்த்தேன், குச்சி எரிந்து அவள் விரலைச் சுட்டது, “ஆத்தாடி!” என்று உதறினாள், அவ்வளவுதான், இரண்டு கிழவிகளுக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டால் நாஜா எழுந்துவிடுவாள் என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தோம். கடைசியில் அவள்தான் கேட்டாள், “சேட்டம்மா, உங்க கையிலயும் எப்படி?” என்று. நான் கேட்டேன், “உனக்கு எத்தன தடவடீ?” என்று. “எண்ணினாத்தானே சேட்டம்மா. மழைக்காலம் நாலு மாசம், நீங்கல்லாம் மும்பைல. கூர ஒழுகும், காத்து சுத்திச் சுத்தி அடிக்கும், இந்தத் தம்ளர் வெளக்கு என்ன கலங்கரை வெளக்கா? அணையும், ஏத்துவேன். அணையும், ஏத்துவேன். உங்ககிட்ட சொன்னா வேலை போயிடுமேன்னு பயம்” என்றாள். முப்பத்தோரு வருடமாக அவள் எனக்குப் பயந்திருக்கிறாள், நான் நாஜாவுக்குப் பயந்திருக்கிறேன்.

ஆமாம் பர்ஜோர், என் கையிலும் அது அணைந்திருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது இதுதான். கல்யாணமான இரண்டாம் வருடம் வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்க நான் முன்னாடியே தனியாக வந்தேன், கொசுவலையை உதறிய தூசியில் ஒரு தும்மல், சரியாக விளக்குக்கு நேராக. உன் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி வைக்கக்கூட விடாதவள் உன் அத்தை, மனுஷ மூச்சு பட்டால் தீ எச்சிலாகிவிடும் என்பாள். நானோ ஊதக்கூட இல்லை, தும்மியே அணைத்துவிட்டேன். வானம் இடிந்து விழும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன், அது விழவில்லை, அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டி எடுத்து வந்து ஏற்றினேன். அதற்குப் பிறகு எண்ணெய் தீர்ந்து, திரி கருகி, பல்லி விழுந்து, எனக்குத் தெரிந்தே பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் வினிகர் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்த தீப்பெட்டி. வெளியே வந்து உன் அப்பா விருந்தாளிகளிடம் பெருமையடிப்பதைக் கேட்டுத் தலையாட்டுவேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். நீயும் உட்கார்ந்துகொள். அன்று ஆதர் நாள், தீயின் நாள், நானும் நாஜாவும் உத்வாடா கோயிலுக்குக் காரில் கிளம்பினோம். உன் அப்பாவுக்கு நெஞ்செரிச்சல், நேற்றைய ஆட்டுக்கறிதான் என்று சொல்லி வராமல் நின்றுவிட்டார். விளக்கை உன் பொறுப்பில் விட்டுவிட்டு, எண்ணெய் தீராமல் பார்த்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். நீ தண்ணீர் வற்றிய கடலுக்குள் நடக்கப் போனாய். பதினேழு வயதில் கடல் வழிவிட்டு நிற்கும்போது யார்தான் வீட்டில் உட்கார்ந்து தம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் நாலு மணிக்குத் திரும்பியபோது நீ வராந்தாவில் ஈரக்காலோடு நின்றிருந்தாய். அப்பா நாற்காலியில் தூங்குகிற மாதிரியே இருந்தார். உள்ளே விளக்கு அணைந்திருந்தது. நாஜா தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், உள்ளே போய் விளக்கைப் பார்த்தாள், வெளியே வந்து உன்னைப் பார்த்தாள். “எண்ணெய் ஊத்த மறந்துட்டேன் அத்தை” என்று நீ கேட்காமலே சொன்னாய். “வீட்டுத் தீய அணைய விட்டுட்டியேடா பாவி, அப்புறம் உங்கப்பன் எப்படிடா இருப்பான்?” என்று அவள் சொன்னாள். டாக்டர் வந்து, ரெண்டு மணி வாக்கில் இதயம் நின்றிருக்கும், தூக்கத்திலேயே போயிருக்கிறார், பக்கத்தில் பத்துப் பேர் இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது என்றார். நீ டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை, அத்தை சொன்னதைத்தான் கேட்டாய். மூன்றாம் நாள் சடங்கில் எல்லோருக்கும் பின்னால், செருப்புகள் விட்டிருந்த இடத்தில் போய் நின்றுகொண்டாய். அந்த இடத்திலிருந்து நீ இன்னும் நகரவில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்று காலை நடந்தது உனக்குத் தெரியாது. ஐந்தரைக்கு நான் எழுந்து பூஜை மேடைக்கு வந்தபோது விளக்கு அணைந்து கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் ரம்மி ஆட்டத்தில் நான்தான் எண்ணெய் ஊற்ற மறந்திருந்தேன். வாசலில் கார் வந்துவிட்டது, நாஜா தலையில் துணி கட்டிக்கொண்டு அவசரப்படுத்துகிறாள், நான் தீக்குச்சி கிழித்து ஏற்றிவிட்டு, இரண்டே ஸ்பூன் எண்ணெய் ஊற்றிவிட்டு ஓடினேன். இரண்டு ஸ்பூன் மத்தியானம் வரைகூட வராது. உன் தாத்தா ஏற்றிய விளக்கை நீ அணையவிடவில்லை பர்ஜோர். நீ அணையவிட்டது அன்று காலை உன் அம்மா தீப்பெட்டியால் ஏற்றிய விளக்கை, அதுவும் அவளே அரைகுறையாக எண்ணெய் ஊற்றிய விளக்கை. விளக்கு அணைந்தால் வீட்டில் ஆள் சாவார்கள் என்றால் என் தும்மலுக்கே இந்தக் குடும்பம் பூண்டோடு போயிருக்க வேண்டும்.

அந்த வராந்தாவில் இதை ஒரே ஒரு வாக்கியமாக நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்ததால் என்று எனக்கே பல வருடம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன், அது பொய். சொன்னால் நாஜாவின் அந்தப் பார்வை என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன். உன் மேல் விழட்டும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் விழுந்தபோது எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், மாசம் கழியட்டும் சொல்லலாம், பையன் பரீட்சை முடியட்டும் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன், நீ விமானம் ஏறிவிட்டாய். பெற்ற பிள்ளைக்கு நான் செய்த அநியாயம் இது. மன்னித்துவிடு என்று கேட்க வாய் கூசுகிறது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. மன்னித்துவிடு கண்ணா.

நேற்று தேநீர் நேரத்தில் நாஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரமீயையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன், தனியாக அடி வாங்க இந்த வயதில் தெம்பில்லை. தும்மலிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஸ்பூன் வரை சொன்னேன். அவள் கையிலிருந்த பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள், அது ஊறிக் கரைந்து கோப்பைக்குள் விழுந்தது, அதையும் கவனிக்கவில்லை. எதிரே கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது. அது முழுக்க வந்து சேரும் வரை அவள் அதையே பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, “திருட்டுக் கழுதைங்களா” என்றாள். ரமீ, “ஆமா பெரியம்மா” என்றாள். “எம்பது வருஷமா ஒரு தீப்பெட்டியயா நான் கும்பிட்டுட்டு இருந்தேன்?” என்றாள். எழுந்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனாள், உடைத்துவிடுவாளோ என்று நாங்கள் பின்னாலேயே ஓடினோம். விளக்கின் முன்னால் போய் நின்றாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வழக்கம்போல ஜெபத்தைச் சொன்னாள், ஒரு வார்த்தை குறைக்கவில்லை. முடித்துவிட்டு ரமீயிடம், “அந்தத் தீப்பெட்டிய இங்கயே வை, ஒளிச்சு வைக்காத” என்றாள்.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்று காலை அவளாக என்னிடம் வந்து, “அன்னிக்கு எனக்கு யார் மேலயாவது கோபப்படணும். தம்பி செத்துட்டான், அவன் மேல கோபப்பட முடியல. இவன் எதிர்ல நின்னான், ஈரக்காலோட” என்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, இன்றும் அழவில்லை, மூக்கை மட்டும் சிந்திக்கொண்டாள். “அவன் என்கூடப் பேசுவானா?” என்று கேட்டாள். தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். உன் எண்ணைப் பெரிய பெரிய இலக்கமாகச் சுவர் நாட்காட்டியில் எழுதித் தரச் சொன்னாள், எழுதிக் கொடுத்தேன். அங்கே உனக்கு நேரம் எதுவாக இருந்ததோ, இன்று இங்கிருந்து மூன்று அழைப்பு வந்து, எடுத்ததும் பேச்சில்லாமல் அறுந்திருக்கும். கோளாறு என்று நினைத்திருப்பாய். கோளாறில்லை, அது அத்தை. உன் ‘ஹலோ’வைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். எண்பத்துமூன்று வருடத்தில் அவளுக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை இன்றுதான் பார்க்கிறேன். நான் கடிதம் எழுதுவது தெரிந்து, “கிழவி மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டா, எனக்கு அது வராதுன்னு எழுது. ஆனா வந்தான்னா கடல் வத்துற நேரத்துல என்னக் கையப் புடிச்சு உள்ள வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்னு எழுது, தனியா நடக்க எனக்குப் பயமா இருக்கு” என்கிறாள். எழுதிவிட்டேன்.

உன் பட்டியலுக்குத் தேவையானது எல்லாம் மேலே இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள். ஃபியோனாவிடம் சொல், சமையலில் காரம் குறைத்துப் போடுகிறேன். டீனாவுக்குத் தலையில் எண்ணெய் வை, அந்தக் குளிரில் முடி வறண்டுபோகும். நீ இருமுவது போனில் கேட்டது, சுக்குக் கஷாயம் குடி, மாத்திரையையே நம்பாதே. ஆண்டவன் உங்கள் மூவரையும் நூறு வருடம் நல்ல கண்ணோடும் நல்ல காலோடும் வைத்திருக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உங்கள் தலைமேல் இருக்கும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. வீட்டை யார் யாருக்கு எந்தெந்த நாள் என்று குறிக்கிற அந்த இணையப் பக்கத்தில், டிசம்பர் இருபதிலிருந்து ஜனவரி பத்து வரை யாருக்கும் கொடுக்காமல் அடைத்துவிடு. எவ்வளவு பெரிய மனிதர் கேட்டாலும் இடமில்லை என்று சொல். காரணம் கேட்டால், வீட்டுக்காரன் வருகிறான் என்று போடு.

உன் அம்மா,
தெஹ்மினா